மறைந்த மன்னரின் மடிக்கணினியை அழிக்க வேண்டாம் என விடுக்கும் ஓலை

உவரிக்கோட்டமும் அதன் பன்னிரு துறைகளும் நலம் பெறுக. மறைந்த மன்னர் இளவெயினனாரின் துணைவியும், அவருக்குப்பின் இந்நாட்டின் பொறுப்பைத் தாங்குபவளுமான குழல்வாய்மொழி, பொறித்துறை அமைச்சர் நாகமுத்தரையருக்கு விடுக்கும் ஓலை. உம் இல்லத்தாரும் துறையாரும் நீடு வாழ்க. என் பொறுமை தீர்ந்துவிட்டது.

மன்னர் கடைசியாக என்னைக் கூப்பிட்டபோது நான் அவருக்குக் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருந்தேன். இறக்கிவிட்டு வருகிறேன் என்று குரல் கொடுத்தேன். போய்ப் பார்த்தால் மடிக்கணினி முன் அமர்ந்து ஏதோ வீடியோ பதிந்துகொண்டிருந்தார். பதிவை நிறுத்திக் கொடுத்தேன். அது இணையத்தில் அவர் கணக்கில் ஏறிக்கொண்டது. கஷாயம் கசக்கிறது என்றார். அன்று பிற்பகலில் சாய்ந்தவர் எழவில்லை.

அந்தக் கணக்கின் கடவுச்சொல் அவரோடு போயிற்று. அந்த ஒரு மடிக்கணினியில் மட்டுமே கணக்கு திறந்திருக்கிறது. அதில் மட்டுமே அந்த வீடியோவைப் பார்க்க முடியும். முதல் நான்கு நிமிடம் துறைமுகச் சுங்கம் பற்றிப் பேசுகிறார். பிறகு, இனிக் குழலிக்கு ஒரு வார்த்தை என்கிறார். அவ்விடத்தில் படம் உறைகிறது, பிரவுசர் மூடிக்கொள்கிறது, கருவியே அணைந்துபோகிறது. முப்பத்தொரு முறை பார்த்தேன், முப்பத்தொரு முறையும் அப்படியே.

நீர் அனுப்பிய ஆட்கள் ஏழு பேர். இணைய வேகம் போதாது என்றார் முதலாமவர். அடுத்தவர் பிரவுசரின் கேஷ் சேமிப்பை அழித்தார். மூன்றாமவர் வேறு பிரவுசரில் போடச் சொன்னார். அதில் கணக்கு திறந்திருக்கவில்லை என்றதும் தலையைச் சொறிந்தார். ஒருவர் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தார், இன்னொருவர் இரண்டு நாள் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்தார். எல்லாரும் போகும்போது, ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள் அரசியாரே என்றனர். அது தானாகவே அணைகிறது ஐயா, அதற்குத்தானே உம்மை அழைத்தேன் என்றேன். ஏழாமவரோ, எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவுவதே தீர்வு என்று எழுதிவைத்தார். அதற்கு நீர் ஒப்பமும் இட்டீர். நாளைக் காலை ஆள் வருவாராம்.

இந்த எழுவரும் செய்யாத ஒன்று உண்டு. ஒருவரும் அந்தக் கருவியைக் கையில் எடுக்கவில்லை. மன்னர் கைப்பட்ட பொருளில் அவர் மூச்சு ஓராண்டு தங்கும் என்பதும், அது வெளியேறாதபடி பொருளைப் பட்டில் பொதிந்து துளைகளை அரக்கால் அடைத்து முத்திரையிட வேண்டும் என்பதும் நம் மரபு. வாளுக்கும் யாழுக்கும் செய்ததையே கருவூலத்தார் மடிக்கணினிக்கும் செய்தனர்; நான் பார்ப்பதற்காகத் திரையையும் விசைகளையும் மட்டும் விட்டுவைத்தனர். உம் ஆட்கள் முத்திரையைக் கும்பிட்டுவிட்டு, எட்டி நின்று விசைகளைத் தட்டினர்.

இன்று காலை என் பணிப்பெண் செங்கமலம் மேசையைத் துடைக்க அதைத் தூக்கி, கையை உதறினாள். இதன்மேல் தோசையே வார்க்கலாம் போலிருக்கிறதே அம்மா, காற்று போகும் வழியை எந்தப் புண்ணியவான் அடைத்தான் என்று கேட்டாள். அந்தப் புண்ணியவானின் முத்திரையை நானே பேனாக்கத்தியால் பெயர்த்தேன். பட்டுத்துணியை உரித்தேன், அரக்கைச் சுரண்டினேன். உள்ளே விசிறி சுழலும் ஓசை கேட்டது. வீடியோ முடிவுவரை ஓடியது.

குழலிக்கு ஒரு வார்த்தை என்றவர், இந்தச் சனியனை எப்படி நிறுத்துவது என்றே கேட்கிறார். பிறகு என்னை அழைக்கிறார். இறக்கிவிட்டு வருகிறேன் என்று என் குரல் தூரத்தில் கேட்கிறது. அதன்பின் அவர் கதவைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் காத்திருக்கிறார். கடைசியில் என் வளைக்கை வந்து திரையை மறைக்கிறது.

ஆகவே ஆணையிடுகிறேன். நாளை எவரும் வரவேண்டாம். அக்கருவியில் எதையும் அழிக்கவோ புதுப்பிக்கவோ, அக்கணக்கை மூடவோ கூடாது. உடைந்த முத்திரைக்குக் கருவூலத்தார் என்னையே கேட்கட்டும். காற்றுத் துளையுள்ள எப்பொருளையும் இனி அரக்கால் அடைக்கலாகாது. உம் எழுவரும் அடுத்த பழுதைப் பார்க்கப் போகும் இடத்தில், முதலில் கருவியைத் தொட்டுப் பார்க்கட்டும்.

உவரிக்கோட்டத்து மீன்முத்திரை என் கையால் இடப்பட்டது. இதைக் கொணர்பவரிடமே மறுமொழி வருக.

மாலையில் மறுபடி போட்டுப் பார்த்தேன். ஒன்பது நிமிடம் நாற்பது விநாடி.