பிளாஸ்க்கில் இருந்த கட்டன்

12 ஜூன் 2023, திங்கள்

சாக்பீஸ் டப்பா மறுபடியும் காலி. போன வாரம்தான் புதுசு வைத்தேன். அங்கன்வாடிப் பிள்ளைகள் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எங்க ஊட்டுக்காரரிடம் சொன்னால், "சுசீலா டீச்சர்கிட்ட எலியும் படிக்க வருதாட்ட இருக்குது" என்று சிரிக்கிறார். அவரிடம் போய்ச் சொன்னேன் பார், என்னைச் சொல்லணும்.

13 ஜூன்

எலி கிடைத்துவிட்டது. ராஜப்ரியா. தேயிலை எஸ்டேட்டின் கீழ் லைன் வீடுகளில் இருப்பவள், கொழுந்து பறிக்கிறவள், ஆறு மாத வயிறு. மூத்த மகள் தாரிணியை இங்கே கொண்டுவந்து விட்டவள் கதவு மறைவில் நின்று சாக்பீஸைக் கடித்துக்கொண்டிருந்தாள். உதட்டோரம் வெள்ளை. "வாய் கேக்குது டீச்சர். வேணாம்னு நெனச்சாலும் கை போயிருது." இருபத்திரண்டு வயது. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பே இல்லை.

15 ஜூன்

நர்ஸ் கீர்த்தனா வந்து விரலில் குத்திப் பார்த்தாள். ரத்தம் 7.8. குறைந்தது பதினொன்று இருக்கணும். கூடலூர் ஆஸ்பத்திரிக்கு நாலைந்து தடவை போய் இரும்புச்சத்து ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னாள். ராஜப்ரியா அழாத குறை. தற்காலிக வேலை, அடிக்கடி லீவு போட்டால் எஸ்டேட்டில் பேரை எடுத்துவிடுவார்கள்.

நான் நடுவில் புகுந்தேன். "ஒரு மாசம் குடுங்க கீர்த்தனா. ரெண்டு வேளை சத்து மாத்திரையும் என் கண்ணு முன்னால முழுங்க வெக்கறேன். ரத்தம் ஏறலீன்னா என்னைக் கேளுங்க."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் சொன்னால் செய்வேன்.

19 ஜூன்

மழை. குளிர் எலும்பைக் கடிக்கிறது. அவளுக்காகக் காலை ஏழரைக்கே போய்த் திறக்கிறேன். வேலைக்குப் போகும்போது ஒரு மாத்திரை, சாயங்காலம் தாரிணியைக் கூட்டிப் போகும்போது ஒன்று. குடத்துத் தண்ணீரை நீட்டினால் முகத்தைச் சுளிக்கிறாள். "பச்சத்தண்ணி நெஞ்சுல கட்டிக்கும் டீச்சர்." அவளைச் சொல்லி என்ன, இந்த மலையில் யார்தான் பச்சைத்தண்ணீர் குடிக்கிறோம்? என் பிளாஸ்க்கில் இருந்த கட்டன் டீயை ஊற்றிக் கொடுத்தேன். பால் இல்லாவிட்டால் என்ன, சூடாக, திக்காக, இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு. ஒரே மடக்கில் மாத்திரையை முழுங்கிவிட்டாள்.

28 ஜூன்

ஒரு வேளைகூடத் தவறவில்லை. மாத்திரை, கட்டன். கட்டன், மாத்திரை.

4 ஜூலை

நாம் கொடுக்கும் சத்துமாவு எங்கே போகிறது என்று கேட்டேன். கொழுக்கட்டை பிடித்து மாமியார் தெய்வம்மாவுக்கு, புருஷனுக்கு, தாரிணிக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு. உனக்கு? "எனக்குப் பசியே இல்ல டீச்சர். ஒரு கட்டனும் வர்க்கி பிஸ்கட்டும் போதும்." கெட்ட கோபம் வந்தது, திட்டினேன். நாளையில் இருந்து என் டப்பாவில் அவளுக்கு ஒரு முட்டை.

13 ஜூலை

7.1.

ஏறவில்லை. இறங்கியிருக்கிறது! கீர்த்தனா என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. எனக்கு மானமே போய்விட்டது. நாலு அம்மாக்கள் நிற்கும்போதே ராஜப்ரியாவிடம் கத்தினேன் — "வாயில அதக்கிட்டுப் போயி வெளியில துப்பறியாடி? யாரை ஏமாத்தப் பாக்கற?"

"இல்ல டீச்சர். தாரிணி மேல சத்தியமா முழுங்குறேன்."

நான் நம்பவில்லை. திங்கட்கிழமை கட்டாயம் ஊசிக்குப் போகச் சொல்லிக் கீர்த்தனா சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

15 ஜூலை, சனி

மதியம் தோட்டத்திலேயே வலி. ஏழு மாதம்தான் ஆகிறது. செடிகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம். ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். கூடலூர் வரைக்கும் என் கையை விடவில்லை. "நான் துப்பல டீச்சர்." அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

16 ஜூலை

பையன். ஒரு கிலோ இருநூறு. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். கடவுளே.

18 ஜூலை

போய்விட்டான்.

27 ஜூலை

கீழ் லைனுக்குப் போயிருந்தேன். தெய்வம்மா என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டாள். "சுண்ணாம்பத் தின்னுக்கிட்டுத் திரிஞ்சா. வயித்துல புள்ள எப்புடித் தங்கும்?" ராஜப்ரியா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பாமலே, "சாக்பீஸ் தின்னதாலயா டீச்சர்?" என்றாள்.

"அப்படியெல்லாம் இல்ல கண்ணு" என்றேன். வாய் சொன்னது. உள்ளே இன்னும், இவள் துப்பித்தான் இருப்பாள் என்று ஒரு நினைப்பு.

8 ஆகஸ்ட்

இதை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

இன்று வீரம்மாவுக்கு — அவளுக்கு நாலாம் மாதம் — மாத்திரையைக் கையில் வைத்துக் கட்டனை ஊற்றிக்கொண்டிருந்தேன். கீர்த்தனா உள்ளே வந்தாள். "ஐயோ டீச்சர், கட்டனோடயா குடுக்கறீங்க? அதுல மாத்திரைச் சத்து ரத்தத்துல சரியா ஒட்டாதுங்களே. ஒரு மணி நேரம் முன்னப்பின்ன டீயே ஆகாதுங்க. டிரெயினிங்ல சொன்னாங்களே!"

சொல்லியிருப்பார்கள். நான் அன்றைக்குக் கடைசி வரிசையில் உட்கார்ந்து புடவைக் கதை பேசிக்கொண்டிருந்தேன்.

"ராஜப்ரியாவுக்கும்..." என்று ஆரம்பித்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. "அது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல முடியாதுங்க டீச்சர். ஏற்கெனவே அவ ஒடம்புல ஒண்ணுமில்ல." ஆறுதல். ஆனால் அந்த ஒரு மாதத்தை அடம்பிடித்து வாங்கினது யார்? நான்தானே? ஊசிக்குப் போகிறவளைத் தடுத்து, பக்கத்தில் நின்று, வேளைக்கு வேளை ஊற்றிக் கொடுத்தவள் நான்தானே?

9 ஆகஸ்ட்

"வேணும்னா செஞ்ச? உடு" என்கிறார் இவர். விட முடிந்தால் விடமாட்டேனா?

11 ஆகஸ்ட்

சொல்லணுமா? சொன்னால் பிள்ளை திரும்பி வருமா? சொல்லாவிட்டால் அவள் ஆயுசுக்கும் சாக்பீஸ் என்று நினைத்துக்கொண்டு கிடப்பாளே. எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். வாய் நீளம் என்று பீற்றிக்கொள்கிறேன், இப்போது எங்கே போச்சு அந்த வாய்?

14 ஆகஸ்ட்

சொல்லிவிட்டேன். தெய்வம்மாவையும் உட்கார வைத்துக்கொண்டு சொன்னேன். "நீ துப்பல கண்ணு. சாக்பீஸும் இல்ல. ரத்தம் கம்மியா இருந்ததாலதான் சாக்பீஸே கேட்டிருக்குது உன் வாயி. நாந்தான் கட்டன்ல குடுத்து மாத்திரையக் கெடுத்துப்போட்டேன்." அழக்கூடாது என்றுதான் போனேன். அழுதுவிட்டேன்.

தெய்வம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ராஜப்ரியா அழவில்லை. என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

"நீங்க என்னையத் திட்டுனப்ப எல்லாரும் இருந்தாங்க டீச்சர்."

15 ஆகஸ்ட்

கொடியேற்றினோம். மிட்டாய் கொடுப்பதற்கு முன்னால் எல்லா அம்மாக்களையும் நிறுத்தி, ராஜப்ரியா பொய் சொல்லவில்லை, தப்பு என்னுடையது என்று சொன்னேன். என்ன, எதனால் என்று முழுக்கச் சொன்னேன். தாரிணி மிட்டாய்க்குக் கையை நீட்டிக்கொண்டே நின்றாள்.

4 செப்டம்பர், திங்கள்

இன்று ராஜப்ரியா வேலைக்குக் கிளம்பிவிட்டாள். வருவாளோ மாட்டாளோ என்று இருந்தேன். ஏழரைக்குத் தாரிணியோடு வந்தாள். பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதம் மாத்திரை உண்டு. வெந்நீர் காய வைத்து, குடிக்கும் சூட்டில் டம்ளரில் ஊற்றி நீட்டினேன்.

மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டாள். பையில் இருந்து தன் பாட்டிலை எடுத்தாள். அவளே வெந்நீர் கொண்டுவந்திருக்கிறாள். முழுங்கினாள். பிறகு எனக்கு நேராக நின்று வாயை நன்றாகத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள். நான் காட்டச் சொல்லவே இல்லை.

"சாயங்காலம் வாரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.