முள்ளைப் பார்க்க ஓர் ஆள்

அன்புள்ள டீச்சருக்கு,

நான் சுகம். நீயும் மகளும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குட்டிக்குப் பல் முளைத்துவிட்டதாகச் சொன்னாய். அனுப்பிய படத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் எனக்குத் தென்படவில்லை. வாயைத் திறக்க வைத்து இன்னொன்று எடுக்கச் சொல்.

நேற்றுத்தானே பேசினோம், இவருக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் மகள் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள். ஆசையாகத்தான் போடுகிறாள், குறை சொல்லவில்லை. ஆனால் பின்னால் மாப்பிள்ளை காபி உறிஞ்சும் சத்தம் கேட்டால் எனக்கு நாக்கு எழுவதில்லை.

முதலில் வீட்டுச் செய்திகள். குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. உன் செடிகளில் ஒன்று வாடிவிட்டது. தண்ணீர் அதிகமாகிவிட்டதா குறைந்துவிட்டதா என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருக்கிறேன். இன்னொன்றை நீ கண்டுபிடிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நீராவி இயந்திரத்தின் அடித்தட்டுக்குப் பச்சை பெயிண்ட் அடித்து, அது நன்றாக இறுகட்டும் என்று நீ கேக் சுடும் அவனில் வைத்துச் சூடாக்கினேன். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. யாருடைய அவன் என்று போடவில்லை. பிறகு தேய்த்துக் கழுவிவிட்டேன். வாடை மட்டும் லேசாக இருக்கிறது.

எந்த இயந்திரம் என்று கேட்பாய். நீ கிளம்பும்போது கூடத்து மூலையில் சாக்கில் கிடந்ததே, பழைய இரும்புக் கடையிலிருந்து நான் தூக்கி வந்தது. “ரிட்டயர் ஆனா என்கூட இருப்பார்னு பார்த்தா, துருவோட இருக்கார்” என்று பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னாயே, அதுதான். கல்லூரி நாளில் விட்டதை இந்த வயதில் தொட்டால் கை நடுங்குமே என்று பயந்தேன். நடுங்கத்தான் செய்கிறது. அரத்தைப் பிடித்தால் நின்றுவிடுகிறது.

பிஸ்டன் உள்ளேயே இறுகிப் போயிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, தினமும் ஒரு தட்டு தட்டி, ஒருவழியாக வெளியே வந்தது. கழற்றக் கழற்ற ஒவ்வொரு பாகத்தையும் தாளில் வரைந்து வைத்தேன். அலுவலகத்தில் கடைசிக் காலமெல்லாம் பிறர் வரைந்ததில் கையெழுத்துதான் போட்டேன் அல்லவா, என் கோடு இன்னும் நேராக வருகிறதே என்று கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

கர்வம் நிலைக்கவில்லை. எல்லாவற்றையும் மாட்டி, நீராவிக்கு முன் வெறும் காற்றைச் செலுத்திப் பார்த்தேன். ஓடியது, டீச்சர். தையல் மிஷின் போல அவ்வளவு சீரான சத்தம். ஆனால் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது. சத்தம் கேட்டு மேலே வந்த கீழ்வீட்டுத் தையல்காரர், “சார், நான் ஒரு தடவ சட்டைக் கைய உள்வெளியா வச்சுத் தச்சுட்டேன். இது அந்த ஜாதி போல” என்றார். அவர் சொன்னது சரிதான். சக்கரம் இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்து வரைந்திருக்கிறேன். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து மாட்டியிருக்கிறேன். கோடு, அளவு எல்லாம் சரி. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தது என்று மட்டும் எழுதவில்லை. கழற்றித் திருப்பி மாட்டிவிட்டேன். இப்போது ஒழுங்காக முன்னால் சுற்றுகிறது.

ஆனால் அன்று முழுவதும் வேறொன்று மனதை அரித்தது. போன வாரம் மகள் போனில் கேட்டாளே, “அம்மா இங்கயே இருக்கட்டும்ப்பா. அந்த இரும்பையெல்லாம் யாருக்காவது குடுத்துட்டு நீங்களும் வந்துடுங்க. இல்ல, தனியாவே சமாளிச்சுடுவீங்களா?” என்று. நான், “இங்க எனக்கு ஒரு குறையும் இல்லம்மா, அம்மா இஷ்டம்” என்றேன். அன்று அதற்குப் பிறகு உன் குரலுக்குப் பதிலாகக் குட்டியின் கிலுகிலுப்பைதான் கேட்டது. நீ தயங்காமல் அங்கே இருக்க வேண்டும், என்னை நினைத்துக் கவலைப்படக் கூடாது என்பதற்காகச் சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து கேட்டவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

இனி மிச்சம் இருப்பது கொதிகலன் சோதனை. உனக்குத் தெரியும்: பச்சைத் தண்ணீரை முழுக்க நிரப்பி, கைப்பம்பை அடித்து, நீராவி தரப்போவதைப் போல இரண்டு மடங்கு அழுத்தம் ஏற்றிப் பார்க்க வேண்டும். பம்பு தரையில், அழுத்தமானியின் முள் மேலே. அடிப்பவன் ஒருவன், முள்ளைப் பார்த்துச் சொல்ல இன்னொருவர். போன வருடம் ரெடிமேடாக வாங்கிய சின்ன இயந்திரத்துக்கு நீதான் நாற்காலியில் நேராக உட்கார்ந்து, வருகைப் பதிவு படிப்பது போல எண்களைப் படித்தாய். எண்பது வர வேண்டும். எழுபத்தைந்திலேயே “போதுங்க, போதும்” என்றாய். நீ பயத்தில் ஐந்து முன்னாலேயே நிறுத்துவாய் என்று தெரிந்துதான் நான் இன்னும் இரண்டு அடி அடித்தேன்.

தையல்காரர், “நான் படிக்கிறேன் சார், டேப்பு படிச்சுப் படிச்சுப் பழகுன கண்ணு” என்றார். வாஷர் இன்னும் வரவில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். உண்மையில் வாஷர் எப்போதோ வந்து, போட்டும் ஆயிற்று. தண்ணீரும் நிரப்பியாயிற்று. உன் நாற்காலி மேலே இருந்த இரும்புச் சாமான்களை எடுத்துவிட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன்.

மகளுக்கு உன் உதவி தேவை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. குட்டியை விட்டு வர உனக்கு மனம் வராது என்பதும் தெரியும். அங்கேயே இருக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் நான் வந்துவிடுகிறேன். வீட்டுச் சாவியைத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டு, இந்த ஒரு கொதிகலனை மட்டும் துணியில் சுற்றி எடுத்து வருகிறேன். மாப்பிள்ளை வீட்டு பால்கனியில் வைத்துச் சோதிக்க விடுவாரா என்று கேட்டுவை. வர முடிந்தால் நீ வா. எல்லாம் உன் இஷ்டம் என்று மறுபடி எழுத வந்துவிட்டேன். அடித்துவிட்டேன், கறையைப் பொருட்படுத்தாதே.

குட்டி நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கட்டும். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். இதற்குப் பதிலை நீ போனிலேயே சொல்லலாம். அந்த ஸ்பீக்கரை மட்டும் அணைத்துவிட்டுச் சொல்.

பம்பில் கை வைக்காமல் காத்திருக்கும்,
உன் துருப்பிடித்தவன்