யாருக்கும் சொல்லாத பித்தப்பை

மே 7, செவ்வாய்

வியாழக்கிழமை பித்தப்பையை எடுக்கிறார்கள். வெறும் கல்தான். யாருக்கும் சொல்லக்கூடாது என்று மனைவி யோகாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன், முக்கியமாக அவளுடைய அண்ணன் நித்தியானந்தனுக்கு. எங்கள் மகள் பார்கவியின் அரங்கேற்றத்துக்கு வராத மனிதர். "வேலை" என்றாராம். ஆறு வருடமாக அவரோடு நான் கதைப்பதில்லை.

மே 10, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டேன். வயிற்றில் நான்கு ஓட்டை. ஒருவரும் பார்க்க வரவில்லை. மறக்கமாட்டேன்.

"சொல்லாட்டி எப்பிடியப்பா வருவினம்?" என்றாள் யோகா.

அக்கறை உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

மே 14, செவ்வாய்

டொக்டர் கூப்பிட்டார். எடுத்த கையோடு பையைத் திறந்து பார்த்தார்களாம். உள்ளே கல்லோடு கோலிபிளவர் பூப் போல வளர்ச்சிகள். அபூர்வமானவை. விட்டிருந்தால் புற்றுநோயாக மாறக்கூடியவை. ஏற்கெனவே மாறிவிட்டதா என்று சோதிக்க ஒரு கிழமை வேண்டும். மாறியிருந்தால் ஈரலிலும் ஒரு துண்டு வெட்டுவார்கள்.

ஸ்கானில் ஏன் தெரியவில்லை? கல் மறைத்துவிட்டதாம். என் கல்லும் எனக்கு எதிரி.

மே 15

சோறு இறங்கவில்லை. பயம் என்று எழுதமாட்டேன்.

மே 18, சனி

யோகா சொல்லிவிட்டாள். நித்தியானந்தன் இடியப்பமும் சொதியுமாக வந்து எதிர்க் கதிரையில் உட்கார்ந்தார்.

"ஏன் ஒளிச்சனீர்?"

"நீங்கள் வேலை உள்ள ஆள். கரைச்சல் குடுப்பானேன் எண்டுதான்."

அவர் சொதிப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். "அரங்கேற்றத்தண்டைக்கு எனக்கு வேலையில்லை மச்சான். ஆஸ்பத்திரியில கிடந்தனான். புரோஸ்டேட்டில கான்சர். வெட்டி எடுத்தவங்கள்."

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த யோகா அதைக் கேட்டு வந்து அவரை ஏசத் தொடங்கினாள்.

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீர் சொன்னனீரோ?"

ஆறு வருடக் கோபம் – இனி அதை வைத்து என்ன செய்வது? சிரிப்பு வந்துவிட்டது. தையல் இழுத்தது.

"சிரியாதையும், பிரிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். இடியப்பம் ஏழு சாப்பிட்டேன்.

மே 21, செவ்வாய்

புற்றுநோய் இல்லை. வெட்டிய ஓரங்களும் சுத்தம். இனி ஒப்பரேஷன் வேண்டாம்.

மச்சான்தான் கூட்டிக்கொண்டு போனார். போகும்போதும் பிழையான பாதை, வரும்போதும் பிழையான பாதை. டொக்டர் சொன்னதும் கண்ணைத் துடைத்தவரும் அவர்தான். வரும் வழியில் மெதுவாகக் கேட்டார்:

"அடுத்த மாசம் எனக்குச் செக்கப். நீர் ஒருக்கா கூட வாறீரோ? யோகாவுக்குச் சொல்லாதையும், பயப்பிடுவாள்."

ஓம் என்றேன். வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்ற முன்னமே யோகாவிடம் சொல்லிவிட்டேன்.