எல்பே ஆற்றங்கரையில் அம்மா

27 ஜூலை 2025, சிக்கல்

அம்மா இன்று ஏகப்பட்ட படம் அனுப்பியிருக்கிறாள். எல்லாம் பாறை. ஜெர்மனியில் வசந்த் அண்ணன் வேலை பார்க்கும் டிரெஸ்டன் ஊருக்குப் பக்கத்தில் எல்பே என்று ஓர் ஆறு ஓடுகிறதாம். அதன் கரையில் பாறைகள் விரலை விரித்து வைத்த மாதிரி நிற்கின்றன. நடுவே ஒரு கல்பாலம். பாலத்தின் மேல் அம்மா, நூல் சேலைக்கு மேலே அண்ணனுடைய ஜெர்க்கின். கோகிலா மதினிக்குப் பேறுகாலம் பார்க்கப் போனவள், லீவு நாளானால் மகனோடு ஊர் சுற்றுகிறாள்.

கூடவே குரலும் அனுப்பியிருந்தாள். "இது காப்புக்காடாம் பானு. பூப் பறிக்கக் கூடாது, கல்லு எடுக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது, பாதைய விட்டு எறங்கக் கூடாது. ஒங்கய்யா சட்டம் மாதிரியேதான் இருக்கு. ஆனா இவுக போர்டுல எழுதி வச்சிருக்காக."

அதைச் சத்தமாக வைத்துக் கேட்டது தப்பாகிவிட்டது. அய்யா காதில் விழுந்துவிட்டது. போனை நீட்டச் சொல்லி, அம்மாவுக்கு அனுப்பக் குரல் பதிந்தார்: "என்னத்த அங்கன ஊர் சுத்திக்கிட்டு இருக்க? போதும். கெளம்பி வந்து சேரு."

நான் அதை எனக்கே அனுப்பி வைத்துக்கொண்டேன். அம்மாவுக்குப் போய்விட்டது என்று அய்யாவிடம் சொன்னேன். எதற்கு வம்பு.

3 ஆகஸ்ட்

இன்று அம்மா பார்த்தது பஞ்சக்கல். ஆற்றில் தண்ணீர் வற்றினால் அடியில் கிடக்கும் கல் வெளியே தெரியுமாம். அதில் அந்தக் காலத்துப் பஞ்ச வருஷங்களை வெட்டி வைத்திருக்கிறார்களாம். "நம்ம கண்மாய்ல அப்படி வெட்டணும்னா கல்லுக்கு எங்கடி போறது" என்று சிரித்தாள். அம்மா சிரித்துக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று! எனக்கு அது பிடித்ததா, எரிச்சலாக இருந்ததா? தெரியவில்லை.

இங்கே சித்திரங்குடி பறவைகள் சரணாலயம் பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான். அதைக்கூட அம்மா பார்த்ததில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு தை மாதம் கேட்டுப் பார்த்தாள். "கொக்கு பாக்கணுமா? நம்ம வயல்லயே நிக்குது, போய்ப் பாரு" என்று அய்யா அவளை வயலில் கொண்டுபோய் நிறுத்தினார். பொழுது அடையும் வரை நின்றாள். நான் தூக்குவாளியில் தண்ணீர் கொண்டுபோனேன். கொடுக்காதே என்றார், திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். அய்யா கோபக்காரர், அவ்வளவுதான். என்னை ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை.

12 ஆகஸ்ட்

அய்யா போய்விட்டார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே. கையில் டம்ளர் இருந்ததாம்.

13 ஆகஸ்ட்

சித்தப்பா மகன் பாண்டித்துரைதான் கொள்ளி வைத்தான். பெற்ற மகன் ஜெர்மனியில் இருந்துகொண்டு வீடியோவில் பார்த்தான்.

"நான் கெளம்பினா அம்மாவும் கெளம்பும். கோகிலா நெறமாசமா இருக்கா, இங்க யாரு இருக்கா எங்களுக்கு? பிள்ள பெறந்து, விசா முடிஞ்சு அம்மா ஊருக்கு வாரப்ப சொல்லிக்கலாம். அதுவரைக்கும் ஒருத்தரும் வாயத் தெறக்கக் கூடாது." இதுதான் அண்ணன் சொன்னது. அழுதுகொண்டுதான் சொன்னான். அழுதால் சரியாகிவிடுமா?

சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். "ஒங்கய்யா எங்கடி?" வயலுக்குப் போயிருக்கிறார் என்றேன். வாசலில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அது என்ன சத்தம் என்று கேட்டாள். பக்கத்து வீட்டில் வேலை நடக்கிறது என்றேன்.

14 ஆகஸ்ட்

பாண்டித்துரை ஒரு கூறுகெட்டவன். பஸ் ஸ்டாப்பில் கட்டிய கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டான். கத்தி அழிக்க வைத்தேன். "ஒடனே தூக்கிட்டேன்க்கா, ஒருத்தரும் பாக்கல" என்று சாமி மேல் சத்தியம் பண்ணுகிறான்.

17 ஆகஸ்ட்

வயிறு எரிகிறது. படத்தில் அம்மா ஒரு பாறையின் விளிம்பில் நிற்கிறாள். தலை நிறைய ரோசாப்பூ, கடையில் வாங்கித் தரச் சொன்னாளாம். நெற்றியில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம். இந்த ஊரில் தீபாவளிக்குக்கூட அப்படி வைத்ததில்லை. புருஷன் சாம்பல் ஆறவில்லை, இவளுக்குப் பூவும் பொட்டும் கேட்கிறது.

தெரியாமல்தானே செய்கிறாள்? தெரியும் எனக்கு. தெரிந்தும் தாங்க முடியவில்லை. மூன்று நாளாக அய்யாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே, சாப்பிட்டாரா தூங்கினாரா என்றுகூட! ஆறு வளைகிற இடம், வல்லூறு கூடு கட்டும் இடம், படகு போகும் இடம் — இதே பேச்சு. இங்கே ஒருத்தி சோற்றில் கை வைக்க முடியாமல் கிடக்கிறேன்.

அய்யா அன்றைக்குப் பேசியதைத் தேடி எடுத்து அனுப்பிவிட்டேன். "கெளம்பி வந்து சேரு." அனுப்பச் சொன்னவர் அவர்தானே. கேட்கட்டும்.

18 ஆகஸ்ட்

கேட்டுவிட்டாள், நீல டிக் விழுந்திருக்கிறது. ராத்திரி பதில் இல்லை. காலையில் ஒரு வரி: "கேட்டேன். இன்னிக்கும் ஆத்துக்குப் போறேன்."

24 ஆகஸ்ட்

மேசை மாதிரி உச்சி தட்டையான ஒரு மலைமேல் ஏறியிருக்கிறாள். மேலேயிருந்து பார்த்தால் ஆறு அந்த மலையைச் சுற்றிக்கொண்டு போகிறது. முழங்கால் வலி என்று இங்கே கோயில் படி ஏற மாட்டாள்.

27 ஆகஸ்ட்

பதினாறாம் நாள். தாலி இறக்க அம்மா இல்லாததால் அந்தச் சடங்கு மட்டும் நிற்கிறது. சோணையம்மாள் அத்தை, அய்யாவின் அக்கா, சடங்குக்கென்றே கண்ணாடி வளையல் வாங்கி வைத்திருக்கிறாள். "வந்து எறங்குன அன்னிக்கே முடிச்சிரணும். கை நெறையப் போட்டு, தல நெறையப் பூ வச்சு, அப்பறந்தான் ஒடைக்கணும். என்னைய அப்படித்தான் பண்ணுனாக." ஊர்ப் பெண்கள் தலையாட்டினார்கள். அம்மா எப்படி அழுவாள் என்று இப்போதே பேசிக்கொண்டார்கள். நானும் கூட உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அழட்டுமே என்றுதான் இருந்தது.

29 ஆகஸ்ட்

பிள்ளை பிறந்துவிட்டது. பெண். அம்மா போனில் கொஞ்சினாள். அய்யாவிடம் சொல்லச் சொல்லவில்லை.

11 செப்டம்பர்

மதுரை விமான நிலையத்துக்கு நானும் பாண்டித்துரையும் போனோம். முதலில் உடம்பு சரியில்லை என்று ஆரம்பித்து, ராமநாதபுரம் தாண்டியதும் மீதியைச் சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அம்மா டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வெறும் நெற்றி. வெறும் கழுத்து. கையில் ஒற்றை வளையல்கூட இல்லை.

"ஒண்ணும் சொல்லாத. தெரியும்" என்றாள். கார் கிளம்பியதும், "நீ ஸ்டேட்டஸ் வச்சப்பவே பாத்துட்டேன் பாண்டி. ஒம்மேல தப்பில்ல" என்றாள். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதான். அண்ணனுக்குத் தெரியுமா என்றேன். அவனிடமும் காட்டிக்கொள்ளவில்லையாம். தாலியைக்கூட விமானத்துக் கக்கூஸில்தான் கழற்றியிருக்கிறாள்.

அவள் பக்கம் திரும்பிக் கேட்டேன்: "தெரிஞ்சுமா பூ வச்சுக்கிட்டு நின்ன?"

"தெரிஞ்சதுனாலதான். எவளும் எங்கிட்டச் சொல்லாத வரைக்கும் நான் பூவும் பொட்டும் வச்சுக்கிறலாம். ஒங்கத்த கையில சிக்குறதுக்கு முன்னாடி அந்த ஆத்தப் பூரா பாத்துருவோம்னு பாத்தேன். பாத்துட்டேன்."

"ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டியாம்மா?"

"விடல. விடமாட்டேன்."

பரமக்குடி வந்தது. அம்மா வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள், "அவரு கொரல எதுக்கு அனுப்புன?"

நீ அய்யா நினைப்பே இல்லாமல் இருந்தாயே என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"செத்த மனுசன் வந்து சேருன்னு கூப்புடுறாரு. வெளக்கப் போட்டுக்கிட்டு விடிய விடிய உக்காந்திருந்தேன். இனி அந்தக் கொரல் இல்லன்னு நாலு நாளு நிம்மதியாத் தூங்குனேன்டி. ஒனக்குப் பொறுக்கல." பிறகு சாதாரணமாக, வீட்டுச் சாமான் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னாள்: "உசுரோட இருந்தவரைக்கும் அவரு பண்ணுனாரு. செத்த பெறகு நீ பண்ணுன."

வீட்டில் அத்தை தாம்பாளத்தில் பூவும் வளையலும் வைத்துக் கூட்டத்தோடு காத்திருந்தாள். அம்மா பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்து, தாலியைத் தாம்பாளத்தில் வைத்தாள். "கழட்டியாச்சு மதினி. வளையல வேணும்னா நீங்க போட்டுக்கங்க." தாலியறுத்து எத்தனையோ வருஷமான அத்தை முகத்தைப் பார்க்க முடியவில்லை. அம்மா குளிக்கப் போய்விட்டாள். வந்த பெண்கள் காப்பிகூடக் குடிக்காமல் கலைந்தார்கள்.

20 செப்டம்பர்

அம்மா என்னிடம் பேசுகிறாள். உப்பு இருக்கிறதா, கரண்ட் பில் கட்டியாயிற்றா — இந்த மாதிரி. பானு என்று பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

அந்தக் குரலை என் போனிலிருந்து அழித்துவிட்டேன். அம்மா போனில் இருக்கிறதா என்று கேட்கத் தைரியம் இல்லை.

14 டிசம்பர்

வருஷம் திரும்பும் வரை வாசல் தாண்டக் கூடாது என்று அத்தை நேற்றும் சொல்லிவிட்டுப் போனாள். இன்று விடிந்ததும் அம்மா அண்ணனுடைய ஜெர்க்கினை எடுத்து மாட்டினாள். எங்கே என்றேன். சித்திரங்குடி, பறவை இறங்கியிருக்கிறதாம். நானும் வாரேன் என்று செருப்பைத் தேடினேன்.

"நீ எதுக்கு? வீட்ல இரு" என்றாள். ஊர் பார்க்க பஸ் ஸ்டாப்பில் நின்று ஏறிப் போனாள்.

பொழுது சாயத்தான் வந்தாள். காலெல்லாம் சேறு. என்னம்மா பார்த்தாய் என்று கேட்டேன்.

"கொக்கு."

களைத்துப் போயிருந்தாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். என்னைத் தாண்டிப் போய், பானையில் தானே மொண்டு குடித்தாள்.