சரியாக வந்த எண்

மார்ச் 4
எண் வந்துவிட்டது. காகிதத்தில் கணக்குப் போட்டவர்கள் சொன்ன அதே எண். குழுத் தலைவர் கேக் வெட்டினார்.

ஹீலியம் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைக் கிளப்பிவிட்டு, அந்த இடத்தில் மியூவான் என்கிற, எலக்ட்ரானைவிடக் கனமான துகளை உட்கார வைக்கிறோம். கண் இமைப்பதற்குள் செத்துப்போகிற அணு. அதன் அதிர்வெண்ணை அளக்கத்தான் இத்தனை வருட உழைப்பு. கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் இயற்பியலில் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். ஒத்துப்போய்விட்டதாம்!

எனக்குக் கேக் இறங்கவில்லை. அணுவைச் சுற்றியிருக்கிற வாயுவின் அழுத்தத்தைக் குறைத்து அளக்கவேயில்லையே? நெரிசலில் அணு இடிபட்டால் எண் நகருமே?

மார்ச் 5
தலைவரிடம் கேட்டேன்.

"அதான் சரியா வந்திடுச்சே, இன்னும் எதுக்கு நோண்டறே?"

"தப்பா வந்திருந்தா நோண்டச் சொல்லியிருப்பீங்கல்ல சார்?"

முகம் சிவந்துவிட்டது. என் நிரந்தர வேலைக்கான பரிந்துரை அவர் கையில். தெரிந்துதான் கேட்டேன்.

மார்ச் 6
"கட்டுரையில ஒரு கையெழுத்துதானே? போட்டுட்டு நிம்மதியா இரேன்" என்கிறார் கணவர்.

நிம்மதியாம்! அளக்காததை அளந்தேன்னு எப்படிய்யா கையெழுத்துப் போடறது? கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். என்ன பண்ணிடுவாங்க?

மார்ச் 9
தலைவர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "மெஷின்ல நமக்கு மிச்சமிருக்கிற நேரம் உனக்கு. அளந்துக்கோ. ஒண்ணும் வரலைன்னா வேற வேலை தேடிக்கோ."

சரி என்றேன். அன்றே வால்வைத் திருகி அழுத்தத்தைக் குறைத்தேன்.

மார்ச் 15
அழுத்தம் குறைந்தால் அணுவே அரிதாகத்தான் உருவாகிறது. திரை வெறுமையாகக் கிடக்கிறது. பம்ப் மெக்கானிக் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, மெஷின் காத்து வாங்குது?"

"வாங்கட்டும்ணே. நான் எந்திரிக்க மாட்டேன்."

மார்ச் 21
எண் நகர்ந்துவிட்டது. மறுபடி அளந்தேன். நகர்ந்துதான் இருக்கிறது! கணக்கைவிட்டு விலகி, தெளிவாக. கத்த வேண்டும் போலிருந்தது. தலைவர் திரைமுன் நின்று புது எண்ணைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஏப்ரல் 30
நிரந்தர வேலை வேறொருவருக்கு. நான் எதிர்த்துப் பேசிய வாரமே அந்த ஆளுக்குத் தலைவரின் பரிந்துரை போய்விட்டதாம். வலிக்கிறது. ஆனால் மறுபடி அதே நிலை வந்தாலும் அந்தக் கேள்வியைத்தான் கேட்பேன். கட்டுரை புது எண்ணோடு போயிருக்கிறது, என் பெயரோடு.

இன்று தலைவர் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னும் கொஞ்சம் அழுத்தத்தைக் குறைச்சுப் பாக்கலாமா?"

"அதான் வந்திடுச்சே சார்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் வால்வை அவரே திருகினார்.