நான், மினேர், இருபது வருடம்

ஒக்டோபர் 6, திங்கள்

வெயில் உண்டு, சூடு இல்லை. கட்டடத்தில் இன்னும் ஹீட்டர் போடவில்லை.

இந்தக் கொப்பியைப் பிறகு எடுத்து வாசிக்கப் போகிறவன் நான்தான். ஆகவே என்னிடமே மன்னிப்பு. எழுத்து கோணல். வரி மேலே ஏறுகிறது, கீழே விழுகிறது. ‘ண’வுக்குச் சுழி எத்தனை என்று ஒவ்வொரு தடவையும் எண்ணுகிறேன். இவ்வளவு எழுதுவதற்குள் தேத்தண்ணி ஆறிவிட்டது. ஆறட்டும். எழுபத்திரண்டு வயதில் என் பெயரை நானே எழுதி நானே வாசிக்கிறேன். சூசை. சூசை. சூசை. கோயில் நிலவறை வகுப்பில் இரண்டு வருடம் தமிழ் எழுத்து, பிறகு ஒரு வருடம் பிரெஞ்சு எழுத்து.

மாலையில் லூசி வந்தார். எங்களுடையது கூட்டுறவுக் கட்டடம், முதலாளி இல்லை. வீடு காலியானால் அடுத்த குடும்பத்தை நாங்கள் மூன்று பேர் தெரிவு செய்ய வேண்டும்: தலைவி லூசி, இரண்டாம் மாடி ராசன், நான். இப்போது காலி, கீழ்த்தட்டில் நாலரை வீடு. (இரண்டு படுக்கையறை, ஹோல், குசினி. குளியலறைதான் அந்த அரை.) வந்த விண்ணப்பங்களில் இரண்டு மிஞ்சியிருக்கிறது. ஒரு பொலிவியாக் குடும்பம், ஒரு அரபுக் குடும்பம்.

முன்பெல்லாம் லூசி வாய்விட்டு வாசிப்பார், நான் கையை உயர்த்துவேன். இன்று, தாருங்கள், நானே வாசிக்கிறேன் என்றேன். லூசி தாள்களை அடுக்கி எடுத்தார். தந்தார். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பெயரும் ஒரு காரணமும் எழுதி அவருடைய தபால் பெட்டியில் போட வேண்டும்.

ஒக்டோபர் 7, செவ்வாய்

மழை. வெளியே போகவில்லை. காலையில் ஒரு குடும்பம் வாசித்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு மற்றது. கண் எரிகிறது. சந்தோசமான எரிச்சல்.

நாடியா. அல்ஜீரியா. ஊரில் பல் வைத்தியர். இங்கே ஆஸ்பத்திரியில் நோயாளரைக் கழுவித் துடைத்துப் படுக்கை மாற்றும் வேலை. புருசன் டாக்சி. பிள்ளைகள் மூன்று. கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் மூன்றாம் மாடி, மூன்றரை வீடு. அச்சடித்தது போல் எழுத்து. ஒரு பெட்டியும் வெறுமையாக இல்லை.

ஃபெலிப்பா. பொலிவியா. பிள்ளைகள் காப்பகத்தில் சமையல். புருசன் செவெரினோ முன்பு கந்தோர்கள் கூட்டித் துடைத்தார், இப்போது வேலை இல்லை. ஒரு மகள். நிலத்துக்குக் கீழே இரண்டரை வீடு. பாதிப் பெட்டி வெறுமை. கடைசியில் ‘உங்களைப் பற்றி’ என்ற பெரிய பெட்டியில் செவெரினோ நாலே நாலு சொல்: முஆ, மினேர், வேன், ஆன்.

மினேர் எனக்குத் தெரியும்! டெப்பனர் என்கிற மூலைக்கடையின் கதவில் இருக்கிறது. மினேர்களுக்கு பியரும் சிகரெட்டும் இல்லை. நான் முதன்முதல் எழுத்துக் கூட்டி வாசித்த பலகை அது. வயது வராதவர். அப்படியென்றால், ‘நான், வயது வராதவன், இருபது வயது’. பிறந்த வருடம் மேலே இருக்கிறது. கணக்குப் போட்டால் வயது ஐம்பத்தாறு.

பொய்யைக் கண்டுபிடித்துவிட்டேன். நானே.

மனைவி பிலோமினாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடவுமில்லை. “பொய் சொல்லுறதெண்டாலும் ஒரு அஞ்சு வயசு குறைச்சால் காணாதே? முப்பத்தாறே குறைப்பினம்?” என்றாள். நான் தாளை மடித்து வைத்தேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

ஒக்டோபர் 8, புதன்

இரண்டு வீட்டுக்கும் போய்ப் பார்த்தோம், ராசனும் நானும். இருவர் போக வேண்டும் என்பது விதி. ராசன் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். யாழ்ப்பாணம். பிரெஞ்சு சரளம். அபிப்பிராயமும் சரளம்.

முதலில் நாடியா வீடு. மூன்று மாடியும் ஏறி முழங்கால் போய்விட்டது. வீடு நிறைய வெளிச்சம், நிறையப் புத்தகம். புதினாத் தேத்தண்ணி, நல்ல இனிப்பு. மூத்த மகள் இந்த நகரம் இருக்கும் தீவின் மேற்கு நுனியில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படிக்கிறாள். விடிய முன்னம் பஸ். ஹோல் சோபாதான் அவளுக்குக் கட்டில். அவள் படுத்தால் வீடு முழுக்க வாய் மூட வேண்டும். நாடியா இதை முறைப்பாடாகச் சொல்லவில்லை. நேரசூசி சொல்வது போலச் சொன்னார்.

ராசன் ஏதோ பகிடி விட்டு வாயைத் திறந்து சிரித்தார். நாடியா சட்டென்று, இடது கீழ்க் கடைவாய்ப் பல்லை இந்த மாதமே காட்டுங்கள் என்றார். தொட்டுப் பார்க்கத்தான் எனக்கு இங்கே அனுமதி இல்லை, சொல்லலாம் என்றார். ராசன் அதற்குப் பிறகு வாயை மூடித்தான் சிரித்தார்.

அடுத்தது ஃபெலிப்பா வீடு. கீழே இறங்க வேண்டும். யன்னலில் தெருவில் போகிறவர்களின் கால்கள். சுவரில் ஈரம், அதை மறைத்து ஒரு கம்பளித் துணி. மொழிபெயர்க்கும் மகள் பள்ளிக்கூடத்தில். ஃபெலிப்பா எல்லாவற்றுக்கும் மெர்சி, நன்றி என்று மட்டும் சொன்னார். உலர்த்திய கறுப்பு உருளைக்கிழங்கு போட்ட சூப் தந்தார். செவெரினோ கதிரையை விட்டு எழும்பவில்லை. இருமினார். சிகரெட் இருமல் என்று நினைத்தேன். பொய்க்காரனைப் பார்க்கிற பார்வைதான் பார்த்தேன். அவர் சிரித்தார்.

ஒக்டோபர் 9, வியாழன்

குளிர். ராசனோடு ஜான்-டலோன் சந்தை. அவர் கத்தரிக்காய் வாங்க, நான் பெயர்ப் பலகை வாசிக்க.

வழி முழுக்க அவருடைய கதை இதுதான். “சூசை அண்ணை, சுத்திவரப் பாருங்கோ. பேக்கரி அரபிக்காரன்ர. இறைச்சிக்கடை அரபிக்காரன்ர. பாமசிக்குள்ள போனால் வெள்ளைக் கோட்டும் அரபிக்காரன். பொலிவியாக்காரன்ர கடை ஒண்டு காட்டுங்கோ பாப்பம். முன்னேறிற சனத்தைக் கொண்டு வந்தால் கட்டடமும் முன்னேறும்.”

வீட்டுக்கு வந்து யோசித்தேன். பேக்கரிக்காரர் லெபனான். ஐம்பது வருடத்துக்கு முன்பே வந்த குடும்பம். நாடியா அல்ஜீரியா, வந்து ஏழு வருடம். பேக்கரிக்காரர் நாடியாவுக்கு மாமாவா? இரண்டு பேரையும் அரபிக்காரர் என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் நிறுவை பிழைக்காதா? ரொறன்ரோவில் மாளிகை கட்டிய தமிழரை வைத்து என்னை அளந்தால் எனக்கு எப்படி இருக்கும்?

பொலிவியாக்காரருக்கு அந்தச் சாக்குக்கூட இல்லை. இங்கே அவ்வளவு கொஞ்சம் பேர். மெக்சிக்கோவா, பெருவா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சொந்தக் கடை இல்லை, சொந்தக் கோயில் இல்லை, ‘எங்கட ஆள்’ என்று சொல்லி வேலை எடுத்துத் தர ஒருவர் இல்லை.

ஆனால் பொய் பொய்தான். எழுதினேன்: நாடியா. காரணம்: மற்றத் தாளில் பொய் இருக்கிறது. பிரெஞ்சில், என் கையால், இரண்டு வரி. லூசியின் பெட்டியில் போட்டேன். திரும்பி வரும்போது மாடிப்படியில் பாட்டு வந்தது. நான் பாடுகிறவன் இல்லை.

ஒக்டோபர் 12, ஞாயிறு

இலை எல்லாம் சிவப்பு. நத்தார் போலக் கோயிலில் கூட்டம், நாளைக்கு நன்றித் திருநாள் விடுமுறை.

எங்கள் தமிழ்ப் பூசைக்கு முன்னால் ஸ்பானிஷ் பூசை. நாங்கள் போகும்போது அவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். செவெரினோ நடுப்படியில் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு படிதான். இறங்குவதற்கே மூன்று தடவை நின்றாராம். உதடு நீலம்.

பிலோ நேரே ஃபெலிப்பாவிடம் போனாள். தையல் தொழிற்சாலையில் இருபத்து நாலு வருடம் ஸ்பானிஷ்காரிகளுக்கு நடுவே இருந்தவள். அவளுடைய ஸ்பானிஷில் பாதி கை, பாதி கண். ஆனால் போகிற இடத்துக்குப் போகும். நான் தள்ளி நின்றேன். மீனா, மீனா என்று ஃபெலிப்பா சொல்வது மட்டும் கேட்டது.

பூசைக்குள் பிலோவின் காதுக்குள் கேட்டேன், மீனா யார், மகளா என்று.

“மீனாவாம்! சுரங்கம், மனுசா. மினா எண்டால் சுரங்கம். மலைக்குள்ள இருபது வருசம் ஈயம் தோண்டின ஆள். நெஞ்சு முழுக்கத் தூசி. மூச்சு ஏறுதில்லை. மேல்மாடி வீடு எல்லாம் வேண்டாம் எண்டிட்டு, கீழ்த்தட்டுக்கு மட்டும் எழுதிப் போட்டவை.”

அந்தப் பிரெஞ்சுச் சொல்லைக் கேட்டேன். சுரங்கத்தில் வேலை செய்கிறவனுக்கு பிரெஞ்சில் என்ன? “ஸ்பானிஷில மினேரோ. பிரெஞ்சிலயும் கிட்டத்தட்ட அதுதான், மினேர். தொழிற்சாலையில கெபெக்காரி ஒருத்தியின்ர தேப்பன் அந்த வேலைதான். ஏன்?”

ஒன்றுமில்லை என்றேன்.

நான், சுரங்கத் தொழிலாளி, இருபது வருடம்.

பிரசங்கம் ஒரு சொல்லும் ஏறவில்லை. எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்கு. வந்த புதிதில் வேலை தேடித் தரும் கந்தோரில் என்ன தொழில் என்று கேட்டார்கள். மன்னாரில் சங்கு குளிக்கிறவன் என்றேன். மொழிபெயர்ப்பாளர் ‘ப்ளோன்ஜேர்’ என்று எழுதினார். நீரில் மூழ்குகிறவன். சரியான சொல். ஆனால் இந்த ஊரில் சாப்பாட்டுக் கடையில் சட்டி கழுவுகிறவனுக்கும் அதே சொல். அனுபவம் உள்ளவர் என்று மறுகிழமையே வேலை தந்தார்கள். இருபத்தொரு வருடம் சட்டிக்குள் மூழ்கினேன். ஒரு சொல் ஆளை எங்கே கொண்டுபோய் விடும் என்று என் கைத்தோலுக்குத் தெரியும். கண்ணுக்குத்தான் தெரியவில்லை. வாசிக்கத் தெரியாத காலத்தில் என்றால் நாலு பேரிடம் கேட்டிருப்பேன்.

ஒக்டோபர் 13, திங்கள்

விடுமுறை. லூசி வீட்டில்தான். கதவைத் தட்டி எல்லாவற்றையும் சொன்னேன். வெட்கம் காது வரை. லூசி சிரிக்கவில்லை. என் தாளைக் கண்டதும் எந்தப் பொய் என்று புரியாமல் தானே என்னைத் தேடி வர இருந்தாராம்.

அவர் எழுதியது ஃபெலிப்பா. ராசன் எழுதியது நாடியா. ஆகவே என் தாள்தான் முடிவு.

தாளைத் திருப்பித் தந்தார். நாளை மாலை வரை நேரம். லூசி சொன்னதில் இது மட்டும் மனதில் நிற்கிறது: காரணம் பிழை என்பதால் பெயரும் பிழை என்று ஆகாது, முசியே சூசை.

அதுதான் தூக்கம் கெடுக்கிறது. பொய் போய்விட்டது. இப்போது உண்மையாகவே ஒப்பிட வேண்டும்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

ஹீட்டர் போட்டுவிட்டார்கள். குழாய்க்குள் யாரோ கரண்டியால் தட்டுவது போல் சத்தம்.

காலை முழுக்க யன்னலடியில். இரண்டு தாளும் பக்கத்தில் பக்கத்தில்.

எதை வைத்து அளப்பது? இன்று நிற்கிற இடத்தை வைத்தா? இரண்டு வீட்டிலும் அடுப்பில் ஏறுவது ஏறக்குறைய ஒன்றுதான். விழுந்த உயரத்தை வைத்தா? நாடியாதான் உயரத்திலிருந்து விழுந்தவர். பல் பிடுங்கிய கையால் படுக்கை மாற்றுகிறார். செவெரினோ மலைக்கு அடியிலிருந்து வந்து நிலத்துக்கு அடியில் இருக்கிறார், விழவே இடம் இல்லை. பிள்ளைகள் எட்டப்போகும் உயரத்தை வைத்தா? நாடியாவின் பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றால் என்ன, யாரிடம் கேட்பது, எந்தக் கதவு என்று சொல்ல வீட்டிலேயே ஆள். ஃபெலிப்பாவின் மகள்தான் அந்த வீட்டுக்கு வாய், காது, கந்தோர் எல்லாம். பதினைந்து வயது.

பிலோவிடம் கேட்டேன். “ரெண்டு சனத்துக்கும் எடை போட நீர் ஆர் கடவுளே? ஒரு வீடு இருக்கு. ஆருக்கு மூச்சு முட்டுது எண்டு பாரும்.”

படி என்று எழுதிப் பார்த்தேன். ஏறுகிற படியும் அதுதான், படி என்று பிள்ளைக்குச் சொல்வதும் அதுதான். தமிழிலும் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள். நாடியா வீட்டுக்குப் படிப்பு இருக்கிறது, படியும் ஏறுவார்கள். செவெரினோவுக்கு இரண்டும் இல்லை.

எழுதினேன்: ஃபெலிப்பா. காரணம்: செவெரினோவால் படி ஏற முடியாது. நாடியா குடும்பம் சமாளிக்கும்.

போட்டேன். இந்த முறை பாட்டு வரவில்லை.

ஒக்டோபர் 16, வியாழன்

மழைத் தூறல். ஃபெலிப்பாவுக்கு லூசி நேற்றே தொலைபேசியில் சொல்லிவிட்டார். மறுமுனையில் வெகுநேரம் மெர்சி மட்டும்தானாம். ராசனுக்கு என்மேல் கோபம், ஆனால் பல்லைக் காட்ட நாள் எடுத்துவிட்டார்.

நாடியாவுக்கான மறுப்புக் கடிதத்தைத் தபாலில் போட வேண்டாம், நான் கொண்டுபோகிறேன் என்றேன். மூன்று மாடி. நின்று நின்று ஏறினேன். வேலையால் வந்த சீருடையோடு கதவைத் திறந்தார். நின்றபடியே வாசித்தார். எனக்கு ஒரு காலை முழுக்க எடுக்கும் கடிதம் அவருக்கு ஒரு மூச்சு.

காரணம் கேட்டார். உள்ளதைச் சொன்னேன். முதலில் அவர் பெயரை எழுதியதையும், மினேரையும், செவெரினோவின் நெஞ்சையும். மினேருக்கு வாய்க்குள் சிரித்தார். நெஞ்சுக்குத் தலையசைத்தார். தூசி எந்த இடத்தில் படியும் என்று விரலால் தன் நெஞ்சில் காட்டினார். அவருக்கு வீடு வேண்டும்தான் என்றார்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நீங்கள் சமாளிப்பீர்கள் என்றும் எழுதினேன் என்றேன்.

நாடியா கடிதத்தை நாலாக மடித்தார். சத்தம் உயரவில்லை. “இங்க எல்லாரும் எங்களுக்கு அதைத்தான் சொல்லுறாங்க, முசியே. பல் வைத்தியருக்குப் பரீட்சை வைக்கிற ஆக்களும் அதைத்தான் சொன்னாங்க. ஏழு வருசமாச் சமாளிக்கிறோம்.”

உள்ளே சோபாவில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள், புத்தகப் பை காலடியில். மாலை ஆறு மணி. நாடியா கதவை மெதுவாகச் சாத்தினார், அவள் எழும்பாமல்.

பெயரை மாற்றமாட்டேன். பெயர் சரி. ஆனால் அந்தக் கடைசிச் சொல் பிழை. எழுதிவிட்டேன், லூசியின் கோவைக்குள் போய்விட்டது.

ஜூலையில் எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடிக்காரர் போகிறாராம், அதுவும் நாலரை. விண்ணப்பம் புதிதாக எழுத வேண்டுமாம், முழுவதும். அதை நாடியாவிடம் சொல்ல மறுபடி ஏற வேண்டும். செவ்வாய்க்கிழமை அவருக்கு வேலை இல்லை. கதவு திறந்ததா இல்லையா என்று அடுத்த கிழமை இதே கொப்பியில் எழுதுகிறேன்.