பதினாலாம் டோக்கன்

சித்திரை 14, செவ்வாய்

ராத்திரியில கரண்டு போனா இனி யாரும் என்னை வீட்டிலேர்ந்து நெல்லு மண்டிக்குக் கூப்பிடக் கூடாதுன்னு, எடை போட வரிசை நம்பர் குடுக்கிற டோக்கன் சர்வரைத் தானாவே ஸ்டார்ட் ஆகிற மாதிரி போன வாரம் மாத்தி வச்சேன். இன்னிக்குக் கரண்டு போய் வந்துச்சு. தானாவே ஸ்டார்ட் ஆச்சு. ஆனா பழைய டோக்கன் எல்லாம் இருக்கிற டிஸ்க் மெஷினோட சேர்றதுக்கு முன்னாடியே ஆயிடுச்சு. நிக்கவுமில்லை, கத்தவுமில்லை. காலி வரிசையை எடுத்துக்கிட்டு ஒண்ணாம் நம்பர்லேர்ந்து குடுக்க ஆரம்பிச்சிடுச்சு.

அந்த ஒண்ணாம் நம்பர், அப்பதான் டிராக்டர்ல வந்து இறங்கின பெரிய நிலக்காரருக்குப் போச்சு. நேத்திலேர்ந்து மூட்டை மேலயே படுத்திருந்த குத்தகைக்காரர் ஏழுமலை தன் சீட்டை நீட்டினார். பதினாலு. எடை போடறவர் ஸ்கிரீனைப் பார்த்துட்டு, "உன் நம்பரே இல்லியே, பின்னாடி போ"ன்னார்.

"இந்தப் பொண்ணு கையாலதாம்பா வாங்கனேன். இங்கியேதான் குந்திக்கினு கீறேன்."

ரெண்டு பேரும் என்னைப் பார்த்தாங்க. "கம்ப்யூட்டர்ல தப்பு வராது"ன்னு சொன்னேன். நான்தான் சொன்னேன்.

மதியம் மழை. ஷெட்டுக்குள்ள டிராக்டர் நெல்லு. வெளியே ஏழுமலையோட மூட்டை.

மழை விட்டப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. டிஸ்க் வந்தப்புறம் ஸ்டார்ட் ஆகணும்னு ஒரே ஒரு வரி சேர்த்தேன். பழைய வரிசை அப்படியே வந்துச்சு. பதினாலு, ஏழுமலை. ஒரு எழுத்து கெடலை. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஒரு கை ஈர நெல்லை என் கீபோர்டு பக்கத்துல வச்சார்.

"நம்பரு கீது, செரிம்மா. இத்த யாரு வாங்குவா?"